முன்தண்டுக்கு வேண்டிய மூச்சு

வேலம்பாக்கத்துப் பெருமாள் வருஷத்துக்கு ஒருமுறை கடலுக்குப் போவார். மாசி மகத்தன்று விடிவதற்கு முன் புறப்பட்டு, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி முடித்து, சாயங்காலம் ஊர் திரும்புவார். டிராக்டரில் போகலாம், பக்கத்து ஊர்ச் சாமிகள் பலவும் இப்போது ஜெனரேட்டரும் சீரியல் லைட்டுமாக டிராக்டரில்தான் போகின்றன. வேலம்பாக்கத்துக்காரர்கள் மட்டும் நான்கு பேர் தோளில்தான் கொண்டுபோவோம் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தச் சின்னப் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர். பெயர் வைத்தவர் ஒருநாளும் அதைத் தூக்கியிருக்க மாட்டார் என்பது தனகோடியின் அபிப்பிராயம்.

முன்தண்டின் வலது பக்கம் தனகோடியுடையது. இருபத்தைந்து வயதில் அங்கே தோள் கொடுத்தவர் நாற்பத்தேழு வயதுவரை விடவில்லை. ஆனால் இருபத்தைந்தில் அவர் அறுவடைக் களத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். இப்போது படூரில் ஒரு கணினிக் கம்பெனிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் வேன் ஓட்டுகிறார். காலையில் வழியெல்லாம் நின்று நின்று ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டால் மாலைவரை வண்டி நிழலில் நிற்கும். அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். வயிறு முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்டது எந்த மாதம் என்று அவருக்கு நினைவில்லை. அவர் மனைவி பூங்கொடிக்கு இருந்தது.

தோள்காரர்களுக்கு அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. தர்மகர்த்தா ஜானகிராமன் பல்லக்குக்கு முன்னால் நடந்தபடி "கோவிந்தா!" என்று குரல் கொடுப்பார். நான்கு மூலையிலிருந்தும் ஒருவர் பின் ஒருவராகப் பதில் "கோவிந்தா" வர வேண்டும். யார் வாயிலிருந்து வரவில்லையோ, அல்லது வந்தும் பாதியில் அறுந்துபோகிறதோ, அவர் முதுகில், கூடவே நடந்துவரும் மாற்றாள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு விழுந்தால் தோளை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் பேச்சு கிடையாது. வெளியூர்க்காரர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மூச்சு முட்டுகிறவன் சாமியைக் கீழே போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்குக் குரல் போய்விடும் என்று எவரோ கவனித்துச் செய்துவைத்த ஏற்பாடு அது.

போன வருஷம், கடற்கரைக்கு முன்னால் வரும் கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில் மூன்று மூலைகள் கோவிந்தா சொல்லின. நான்காவது மூலையிலிருந்து லாரி டயரில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. மணியின் உள்ளங்கை தனகோடியின் முதுகில் விழுந்தது.

மணி, பூங்கொடியின் தம்பி. முப்பத்துமூன்று வயது. திருப்போரூரில் மனை விற்கிறான். வெயிலில் கல் நட்டு, கயிறு பிடித்து, வாங்க வருபவர்களைக் காட்டுக்கும் மேட்டுக்கும் நடத்திக் கூட்டிப்போய் உடம்பு இறுகியவன். அவன் தட்டியதில் தப்பில்லை. மாற்றாளின் வேலையே அதுதான். தட்டிவிட்டு, "மாமா, நீ போய் வேன்ல உக்காரு" என்று நான்கு பேர் காதில் விழும்படி சொன்னானே, அதுதான் தப்பு.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த மறுவாரம் கோயிலில் கூட்டம் போட்டார்கள். ஜானகிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"தனகோடி, ஒனக்கு இந்த ஒரு வருஷம் பாப்போம். பாலம் தாண்டற வரிக்கும் கோவிந்தா வந்துகினே இருந்தா முன்தண்டு ஒன்துதான். வரலன்னா மணி எடுத்துக்கட்டும். சாமி காரியம், சங்கடப்படாத."

"சங்கடம் இன்னாத்துக்குங்க? பாலத்து மேல சினிமா பாட்டே பாடிக் காட்றேன்."

"நீ மொதல்ல கோவிந்தா சொல்லுப்பா."

கூட்டம் சிரித்தது. மணி மட்டும் சிரிக்காமல் அனுதாபத்தோடு பார்த்தான். தனகோடிக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நேராகவே கேட்டுவிட்டார். "நீ யார் பக்கம் சொல்லு. புருஷன் பக்கமா, தம்பி பக்கமா?"

"நான் சாமி பக்கம். கீழ வுழாம இருந்தா சரி."

படூரில் வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில் ஒரு ஜிம் இருந்தது. பேக்கரிக்குப் பலமுறை போயிருந்த தனகோடி, மாடிப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. பயிற்சியாளர் ஷ்யாம் மரியாதையான பையன். கல்யாணத்துக்காக இளைக்க வந்தவர்களையும், போலீஸ் தேர்வுக்கு மார்பு விரிக்க வந்தவர்களையும் தயார் செய்து அனுப்பியவன்.

"உங்களுக்கு என்ன பண்ணணும்ண்ணா? வெயிட் குறையணுமா, பாடி ஏறணுமா?"

"சாமி தூக்கணும்."

ஷ்யாம் நோட்டை எடுத்தான். "சாமி எத்தனை கிலோண்ணா?"

தனகோடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிய கிலோ கணக்குல சொல்லக் கூடாது தம்பி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பல்லக்கோட சேத்து நூத்தி அறுவது" என்றார்.

"அப்ப ஆளுக்கு நாப்பது. நாம எண்பதுக்கு ரெடி பண்ணிடுவோம். அன்னைக்கு உங்களுக்குப் பூ தூக்கின மாதிரி இருக்கும்."

கணக்கு கேட்க நன்றாக இருந்தது. ஷ்யாமின் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: வலிக்கவில்லை என்றால் அது எக்சர்சைஸே இல்லை, வெறும் அசைவு. "கடைசி ஒண்ணுண்ணா!" என்பான். அந்தக் கடைசி ஒன்றுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து கடைசி ஒன்றுகள் வரிசையில் நிற்கும். இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது, பரீட்சை பார்க்கலாமே என்று தனகோடி ஒருதரம் கோவிந்தா சொல்லிப் பார்த்தார். "கோ" மட்டும் வந்தது. மீதியை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் மாலை வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, அவருக்குப் பக்கத்து ஸீட்டில் ஹரிப்ரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் வேலை பார்ப்பவள், வண்டலூர்ப் பக்கம் போக வேண்டியவள்.

"அண்ணா, நாம ரைட்ல திரும்பணுமே. தாண்டிட்டீங்க."

"தெரியும்மா. கை ஏறல."

"கையா?"

"ஸ்டியரிங்க ஒடிக்க முடியலம்மா. நேரா போவ மட்டும்தான் முடியும். கேளம்பாக்கம் போயி ஓரங்கட்டி யாரையாவது கூப்டுக்கலாம்."

பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு போன் எடுத்தார்கள். கேளம்பாக்கத்திலிருந்து வேறொரு டிரைவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். தனகோடி பஸ்ஸில் வீடு வந்தார். கம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடியாமல், அடுத்தவர்கள் மேல் சாய்ந்து சாய்ந்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரவுச் சாப்பாட்டைப் பூங்கொடி ஊட்டிவிட வேண்டியிருந்தது.

"மணிக்கு போன் போட்டு சொல்லிடவா? உற்சவத்துக்குப் புது வேட்டி எடுத்து வச்சுக்கடான்னு?"

தனகோடி அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.

ஒரு வாரம் எண்ணெய் தடவிப் படுத்து எழுந்ததில் கை வந்தது. ஆனால் ஜிம் மாடிப்படியை அவர் மறுபடி மிதிக்கவில்லை. அப்போதுதான் இன்னொரு வேன் டிரைவரான தேவசகாயம் புத்தி சொன்னார். அவருக்கு இரண்டு வருஷம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். லேசாக நடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அந்த "லேசாக" என்ற சொல்லைத் தேவசகாயம் அளவுக்கு மதித்தவர் யாரும் இருக்க முடியாது.

"முரட்டுத்தனம் கூடாது தனகோடி. ஒடம்பு கேக்கறத குடுக்கணும். எங்கூட வா."

தேவசகாயத்தின் நடைக்கு முன்னால் போகும் தெருநாய் சலித்துப்போய் உட்கார்ந்துவிடும். நிழலில் நடப்பார், நிழல் முடிந்தால் நிற்பார். வேன் ஸ்டாண்டிலிருந்து டீக்கடை வரை நடப்பதற்குள் ஒரு முழுப் பாட்டைச் சரணத்தோடு பாடி முடிப்பார். டீக்கடையில் பஜ்ஜி, உடம்பு கேட்டது. தனகோடிக்குக் கோவிந்தா வெண்கல மணி அடித்தாற்போல் கணீரென்று வந்தது. எவ்வளவு சுலபமாக இருந்த ஒன்றை ஷ்யாம் எவ்வளவு கஷ்டமாக்கிவிட்டான் என்று அவருக்குப் பையன் மீது கோபம்கூட வந்தது. இரண்டு வாரம் இப்படி இன்பமாகப் போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் வேலையாகச் சதுரங்கப்பட்டினம் போய்த் திரும்பும்போது, வண்டியைக் கால்வாய்ப் பாலத்தடியில் நிறுத்தினார். சும்மா ஏறிப் பார்ப்போமே என்று விறுவிறுவென்று ஏறினார். தோளில் சாமியும் இல்லை, ஒரு துண்டுகூட இல்லை. பாலத்தின் நடுவுக்கு வரும் முன்பே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்து, "அண்ணாத்த, குதிக்காதீங்க, முட்டியளவுதான் தண்ணி கீது" என்றார்.

மாசி மகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது தனகோடி பாலத்தில் நடந்ததைப் பூங்கொடியிடம் சொன்னார். ஒரு ஜிம்மும் ஒரு டீக்கடையும் பார்த்தாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

பூங்கொடி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? பாலத்து மேல போயி குரல் வருதா வரலயான்னு பாக்கறதுக்கு, அத வயக்காட்டுல இப்பவே பாத்தா இன்னா? நாளையிலேர்ந்து அரிசி சிப்பத்த தோள்ல வச்சுகினு நட. நான் கூட வரேன். கேள்வி கேக்கறேன். பதில் வரிக்கும் நட. பதில் நின்னா நீயும் நில்லு."

"இன்னா கேள்வி?"

"இருவது வருஷமா சேத்து வச்சிருக்கேன். நீ கவலப்படாத."

மறுநாள் விடிகாலையில், வேன் எடுப்பதற்கு முன், இருபத்தைந்து கிலோ சிப்பத்தைத் துண்டின் மேல் வைத்துக்கொண்டு தனகோடி ஏரிக்கரையில் இறங்கினார். ஜிம்மின் ஞாபகத்தில் வேகமாகவே நடந்தார். பக்கத்தில் பூங்கொடி வெறுங்கையோடு வந்தாள்.

"நாஸ்தா இன்னா வேணும் இன்னிக்கு?"

பதில் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பேச்சு போச்சு. நில்லு."

மூச்சு தணிந்ததும், இந்த முறை தேவசகாயத்தின் நடையில் புறப்பட்டார். பூங்கொடி தன் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுத்தாள். "போன ஆடியில எங்கம்மாவுக்கு காச்சல்னு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோமே, வரேன்னு சொல்லிட்டு சாயங்காலம் வரிக்கும் வரல. எங்க போன?"

"அத ஏன் கேக்கற! பாதி வழியில பஞ்சரு. ஸ்டெப்னிய எடுத்தா அதுலயும் காத்து இல்ல. மெக்கானிக்க தேடிகினு போனா அவன் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்னு போயிட்டான். கடைய பூட்டி சாவிய எதிர்க்கட பாட்டியாண்ட குடுத்திருக்கான், அந்தப் பாட்டிக்குக் காது கேக்காது..."

"நில்லு, நில்லு. இவ்ளோ கதை வருதுன்னா நட பத்தல. கொஞ்சம் கூட்டு."

கூட்டினார். இரண்டு மடை தாண்டும்வரை அவள் பேசவில்லை. நெற்றியில் வேர்வை கோடு விட்டதும் அதே கேள்வியை மறுபடி போட்டாள்.

"எங்க போன?"

"மாமல்லபுரம்."

"யாரோட?"

"தேவசகாயம்."

"இன்னாத்துக்கு?"

"வறுத்த மீனு."

"அன்னிக்கு கிருத்திகை!"

"ஆமா."

"தப்பு இல்ல?"

"தப்பு."

பூங்கொடி அப்படியே நின்றுவிட்டாள். கோபம் அப்புறம்தான் வந்தது, முதலில் ஆச்சரியம்தான். மூச்சு வாங்காதபோது இந்த மனிதரிடமிருந்து கதை வருகிறது. அதிகம் வாங்கினால் ஒன்றுமே வருவதில்லை. நடுவில் ஓரிடத்தில், ஒரு சொல் அளவுக்கு, உண்மை மட்டும் வருகிறது. இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவரை அந்த வேகத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"இதான்யா ஒனக்கு சரியான நட" என்றாள். "இத வுட்டுடாத."

அவர் விட்டாலும் அவள் விடுவதாக இல்லை. தினம் காலையில் அவளே சிப்பத்தைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து, அதே வேகத்தில் அவருக்கு நீளநீளமாகப் பதில் வர ஆரம்பித்தது. புளுகும் தலைகாட்டியது. பூங்கொடி சிப்பத்தோடு ஐந்து கிலோ உளுந்தைச் சேர்த்துக் கட்டினாள். பதில் மறுபடி ஒரு சொல்லுக்குச் சுருங்கியது. அப்புறம் பச்சைப்பயறு, அப்புறம் வெல்லம். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. தனகோடி எதையோ செய்து மாட்டிக்கொண்டார், பெண்டாட்டி மூட்டை தூக்க வைத்து விசாரிக்கிறாள் என்று வயலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சில பெண்கள் தங்கள் வீட்டிலும் சிப்பம் இருப்பதை நினைத்துக்கொண்டார்கள்.

மாசி மகம் வந்தது.

முன்தண்டில் வலது பக்கம் தனகோடி, இடது பக்கம் ஏகாம்பரம் என்ற செங்கல் சூளைக்காரர். பின்தண்டில் இரண்டு இளவட்டங்கள். தனகோடியின் மாற்றாளாக மணி, உள்ளங்கையை விரித்து ஆயத்தமாக வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். வழியில் சாமியை இறக்கிவைக்கும் இடங்கள் உண்டு. கடைசியாக இறக்கிவைப்பது பாலத்தடியில். அங்கிருந்து தூக்கினால் பாலத்தைத் தாண்டித்தான் இறக்க வேண்டும். பாலத்தின் மேல் சாமி நிற்கக் கூடாது.

பாலம் வந்ததும் மேளக்காரர்களுக்கு வழக்கம்போல் சூடு பிடித்துவிட்டது. அடி வேகமாக விழுந்தது, கால்களும் வேகமாயின. "கோவிந்தா!" என்றார் ஜானகிராமன். ஏகாம்பரத்திடமிருந்து கரகரவென்று ஒன்று வந்தது. பின்னாலிருந்து வந்த இரண்டும் அறுந்துபோகாமல் தப்பித்தன. தனகோடியிடமிருந்து முழுசாக, தெளிவாக வந்தது.

மணி திரும்பிப் பார்த்தான். ஜானகிராமனிடமிருந்து இன்னொரு குரல் எழுந்தது. தனகோடியிடமிருந்து இன்னொரு முழுக் கோவிந்தா. ஏகாம்பரத்தின் முகம் பழுத்த தக்காளிபோல் இருக்க, தனகோடியின் முகத்தில் வேர்வை மட்டும்தான் இருந்தது. நாற்பது கிலோவின் அடியில் நடக்கும் மனிதனுக்கு இவ்வளவு குரல் வரலாமா? தோள்காரர்களில் ஏமாற்றுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தண்டுக்கும் தோளுக்கும் நூலளவு இடம் விட்டு, முகத்தை மட்டும் பாரமாக வைத்துக்கொண்டு நடப்பார்கள். இவருக்கு முகத்தையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று மணி முடிவுகட்டினான்.

"ஐயா!" என்று கத்தினான். "மாமா தோளே குடுக்கல! சும்மா தண்டுக்குக் கீழ நடந்துகினு வராரு!"

"இன்னாடா சொன்ன?" இது தனகோடி.

"பாருங்க, பேசறாரு! தூக்கறவன் இப்டி பேசுவானா?"

"எடம் கீதான்னு பாத்துக்கடா."

மணி உடனே நான்கு விரலைத் தண்டின் அடியில் நுழைக்கப் பார்த்தான். போகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அந்த நேரம் பாலத்தின் இணைப்பில் கால் பட்டுப் பல்லக்கு ஒருதரம் எம்பியது. விரல்கள் உள்ளே போயின. பல்லக்கு இறங்கியது.

மணியிடமிருந்து வந்த சத்தத்தில் மேளம் ஒருகணம் நின்றது. "ஐயோ, என் வெரலு! மாமா, தோள எறக்கு!"

"எறக்கினா சாமி சாயும்டா."

"அப்ப ஏத்து!"

"நான் மட்டும் ஏத்தினா இன்னா ஆவும்? நாலு பேரும் ஏத்தணும்."

பின்தண்டுக்காரர்களுக்கு மூச்சுவிடவே நேரமில்லை, ஏற்றுவது எங்கே? நிற்கவும் முடியாது. பின்னால் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. மாமா தோளில் கையை ஒப்படைத்துவிட்டு, பக்கவாட்டில் நண்டுபோல் நடந்தபடி, மணி பாலம் முழுவதும் கூடவே வந்தான். ஜானகிராமன் குரல் கொடுக்கும்போதெல்லாம் அவன்தான் எல்லோரையும்விட உரக்கக் கோவிந்தா சொன்னான். கரையில் நின்ற பெண்கள் அவன் பக்தியைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

பாலம் தாண்டி இறக்கிவைத்ததும் விரல்கள் வெளியே வந்தன. எலும்பு தப்பித்தது, நான்கும் வாழைப்பூ நிறத்தில் வீங்கியிருந்தன. தனகோடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முன்தண்டு என்துதானுங்களே?" என்றார்.

மனை விற்கிறவனுக்கு எல்லைத் தகராறு புதிதல்ல. மணி விரலை ஊதிக்கொண்டே சொன்னான்: "அது எப்டி? என் கை நடுவுல இருந்துச்சு இல்ல? என் கையும் தாங்கிச்சு. ரெண்டு பேரா தூக்கினது தனியா தூக்கினதா ஆவுமா?"

கூட்டம் சிரித்தது. பூங்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன்டா, பாலத்து மேல ஒரு ஆட்டுக்குட்டி வந்து மாட்டிகினா அதுவும் தூக்குச்சுன்னு அதுக்கு முன்தண்டு குடுப்பாங்களா?"

"அக்கா, நீ கம்னு இரு. இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"கைய மாட்டிகினவன் பேசறான் பாரு."

ஆனால் ஜானகிராமன் சிரிக்கவில்லை. அவர் எதையும் நூல் பிடித்துப் பார்க்கிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மணி சொல்றதுல ஒரு நியாயம் கீது. தனகோடி, திரும்பறப்ப பாலத்த இன்னொரு தரம் தூக்கிக் காட்டு. ஒனக்கு மாத்தாள் கெடையாது. ஒன் பக்கத்துல கை நீட்ற தூரத்துல ஒருத்தரும் வரக் கூடாது. அதுல கோவிந்தா வந்தா முடிஞ்சுது."

"கடல் பக்கத்து ஏத்தம் இன்னும் நெட்டுங்க."

"தெரியும்."

தனகோடி பாலத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்ப நட என்து. மேளம் என் காலுக்கு அடிக்கணும். மேளத்துக்கு நான் ஓட மாட்டேன்."

அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேளக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கூடாது என்று சொல்ல ஜானகிராமனுக்குச் சட்டம் எதுவும் அகப்படவில்லை.

தீர்த்தவாரி நன்றாக நடந்தது. மணி அலையில் உட்கார்ந்து விரல்களை உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான். தனகோடி பக்கத்தில் போய் நின்றார்.

"எரியுதா?"

"எரியுது மாமா."

"வலிக்கலன்னா அது எக்சர்சைஸே இல்லயாம். படூர்ல சொன்னாங்க."

பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் திரும்பினார்கள். பாலத்தின் இந்தப் பக்கத்து ஏற்றம் உண்மையிலேயே நெட்டு, செங்குத்து. தனகோடி அடியெடுத்து வைத்தார். ஏரிக்கரையில் உளுந்தும் பயறுமாக நடந்த அதே நடை. மேளக்காரர்களுக்கு அந்தத் தாளம் பிடிபட நேரமாயிற்று. ஏகாம்பரம் இரண்டுமுறை முன்னால் இழுத்தார். தனகோடி அசையாததால் தண்டு அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டது. மூன்றாவது முறை அவரும் அடங்கினார். ஜானகிராமன் குரல் கொடுத்தார். நான்கு மூலையிலிருந்தும் நான்கு முழுக் கோவிந்தாக்கள் வந்தன. பின்தண்டு இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரத்துக்குத் தன் குரல் அதுதானா என்றே சந்தேகம்.

ஏற்றத்தின் முக்கால் பாகத்தில் ஜானகிராமன் மறுபடி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. விடியற்காலையிலிருந்து கத்தியவர், நடுவில் வழக்கு வேறு விசாரித்தவர், எழுபது வயசு. வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒருவர் ஓடிவந்து அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்.

கேள்வி இல்லாமல் பதில் சொல்ல முடியாது. பாலம் தாண்டினாலும் இது செல்லாது என்று இன்னொரு வழக்கு வரும். நடந்துகொண்டிருந்த எல்லோரும் மணியைப் பார்த்தார்கள். பாரமும் இல்லாமல், மூச்சும் கெடாமல், முன்னால் வந்துகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். மணி வீங்கிய விரல்களைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்; முன்தண்டு அடுத்த வருஷம்வரை தகராறில் இருக்கும்.

தனகோடிக்கு அந்த நடையில் இரண்டு சொல்தான் வரும். "கூவுடா மச்சான்."

மணி கூவினான். பதில் வந்தது. அவனுக்கு ஒரு குறும்பு. உடனே அடுத்ததைக் கூவினான், மூச்சு விடாமல் அடுத்ததையும். மூன்றுக்கும் தனகோடியின் மூலையிலிருந்து ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. அப்புறம் மணியே நிதானத்துக்கு வந்தான். நடைக்குத் தகுந்தபடி குரல் கொடுத்துக்கொண்டு போனான். பாலத்தின் உச்சியைத் தாண்டியது அவனுக்குத் தெரியவே இல்லை. இறக்கத்தில் வந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

மீதி வழியெல்லாம் அதே நடைதான். கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. புளியோதரைக் குண்டானுக்குப் பக்கத்தில் காத்திருந்த முனியம்மா கரண்டியோடு வந்தாள். "சாமிய தூக்கினு வந்தீங்களா, இல்ல பேசிகினு வந்தீங்களா? சோறு ஆறி கல்லா கீது!"

சாமியை உள்ளே எழுந்தருளச் செய்தபிறகு, அடுத்த வருஷத்துத் தோள்காரர்கள் பெயரைத் தர்மகர்த்தா வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஜானகிராமனுக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. அவர் மணியைப் பக்கத்தில் இழுத்து அவன் காதில் ஏதோ ஊதினார். மணி ஒருதரம் தலையைச் சொறிந்தான். ஊரே நின்றுகொண்டிருந்தது.

"முன்தண்டு, எடது பக்கம், ஏகாம்பரம் அண்ணாத்த" என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "வலது பக்கம், தனகோடி மாமா" என்றான்.

"பின்னால கேக்கலடா" என்றாள் பூங்கொடி.

மணி இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னான்.